மாங்கனி காத்திருக்குமா?

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்டுவிட்டு, அங்கத்தினர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். வாயிலில் பெங்களூரா மாங்காய்கள் குவியலாகக் கிடந்தன. இரண்டு நாட்களாக வண்டி வரவில்லை என்றார்கள். குவியலின் அடியில் கிடந்தவை கனிந்து, கசிந்து, ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தன. வெயிலில் வந்த நம்மைத் திண்ணையில் அமரச் செய்து, அவ்வீட்டு அம்மையார் தாகத்துக்குக் குடிக்க அன்புடன் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அது கடையில் வாங்கிய மாம்பழ பானம். நம் முகத்தைக் கண்ட வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “எல்லாம் எங்கள் தோட்டத்துப் பழந்தான் ஐயா. ஊர் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறது.”

அவர் வேடிக்கையாகச் சொன்னார். நமக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. மாந்தோப்பு உடையவர் மாம்பழச் சாற்றை விலை கொடுத்து வாங்குகிறார்; அவர் விளைத்த பழமோ வாயிலில் அழுகுகிறது. இந்த முரண்பாடு எங்கிருந்து வந்தது, இதனை நீக்க நம் வீட்டு அடுப்புக்கும் நம் சங்கத்துக்கும் என்ன பங்கு உண்டு என்பதை அங்கத்தினர்களோடு எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்தப் புட்டியின் கணக்கைப் பார்ப்போம். கணக்குப் பார்ப்பது நம் தொழில் அல்லவா? குடிப்பதற்கு ஆயத்தமாக விற்கும் பழ பானத்தில் நூற்றுக்கு 10 பங்காவது பழம் இருத்தல் வேண்டும் என்பது விதி. 200 மில்லி பானத்தில் அந்த அளவே பழம் உண்டெனக் கொண்டால், அதிலுள்ள பழக்கூழ் 20 கிராம். தோலும் கொட்டையும் போக, ஒரு கிலோ மாம்பழத்தில் ஏறத்தாழ அரைக் கிலோ கூழ் கிடைக்கும். ஆகவே அந்தப் புட்டிக்கு வேண்டிய பழம் 40 கிராம். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பெங்களூரா விலை கிலோ 5 ரூபாய் அளவுக்கு இறங்கியிருந்தது. அப்படியாயின், அந்தப் புட்டியில் விவசாயிக்குச் சேர்ந்தது 20 காசு! சர்க்கரை, புட்டி, போக்குவரத்து, வரி, கூலி, விளம்பரம் என ஆலைக்கும் செலவுகள் உண்டு; அதனை மறுப்பதற்கில்லை. எனினும், மரத்தை நட்டு, மருந்தடித்து, காவல் இருந்தவனுக்கு 20 காசுதான் எனில், அந்தக் கணக்கில் ஏதோ ஒரு பக்கம் எழுதப்படாமல் விடுபட்டிருக்கிறது என்றே கூற வேண்டும்.

விடுபட்ட அந்தப் பக்கம் யாது? காத்திருக்கும் வல்லமையே அது என்பது நம் துணிபு.

நெசவாள அன்பர்கள் இதனை எளிதில் உணர்வார்கள். தறியிலிருந்து அறுத்த வேட்டி இன்று விலை போகாவிடில், மடித்துப் பெட்டியில் வைக்கலாம், தீபாவளிக்கு எடுக்கலாம். சரக்குத் தேங்கினால் சங்கத்துக்கு வட்டிச் சுமை உண்டு, வருத்தம் உண்டு. ஆயினும் துணி அழுகிப் போவதில்லை. மாங்கனி அப்படியன்று. மரத்திலிருந்து இறக்கிய நாள் முதல் அதன் ஆயுள் நாள் கணக்கில் எண்ணப்படுகிறது. பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் தோத்தாப்புரி என்றும் வழங்கும் இவ்வினத்தில் பெரும்பகுதி கூழ் ஆலைகளுக்கே செல்கிறது. ஆலையின் கிடங்கில் சென்ற ஆண்டுக் கூழ் மிஞ்சியிருந்தால் ஆலை காத்திருக்கலாம். பழம் காத்திருக்க இயலாது. காத்திருக்க இயன்றவன் விலை சொல்கிறான். இயலாதவன் அதனை ஏற்றுக்கொள்கிறான். பூக்கும் போதே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடும் வழக்கத்தின் வேரும் இதுவே. கைக்கு வருமுன்னரே கனியைக் கண்டு அஞ்சுகிறோம்.

2025-ஆம் ஆண்டு நம் எல்லைக்கு அப்பால் சித்தூர் மாவட்டத்திலும் இதே நிலைமை ஏற்பட்டது. ஆந்திர அரசு தோத்தாப்புரிக்குக் கிலோ 12 ரூபாய் என வகுத்து, அதில் ஆலைகள் 8 ரூபாய் கொடுக்க வேண்டும், 4 ரூபாயை அரசு கொடுக்கும் என அறிவித்தது. இவ்வித உதவி தேவையானதே. ஆனால், ஒவ்வோர் ஆண்டும் விலை விழுந்த பின்னர் கை நீட்டுவது மட்டுமே நம் திட்டமாக இருத்தல் தகுமா? கனியைக் காத்திருக்கச் செய்யும் கலை ஒன்று நம் இல்லங்களிலேயே இருந்தது. மாவடு ஊறிய சாடியும், உப்பிட்டுக் காய வைத்த மாங்காய் வற்றலும் அக்கலையின் சான்றுகள். அதனை ஊறுகாயோடு நிறுத்திவிட்டோம். இனிப்புக்கும் பானத்துக்கும் கடையை நாடிவிட்டோம்.

இனி, வீட்டில் என்ன செய்யலாம் என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம்.

சித்திரையில் கோடைக்காற்று வீசும்போது பிஞ்சும் காயும் தோப்பில் உதிர்கின்றன. அவற்றுக்குச் சந்தை இல்லை. அந்த உதிர்காய்தான் பானகத்துக்கு ஏற்றது. காயை வேக வைத்தோ, தணலில் சுட்டோ, சதையைப் பிசைந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சதை ஒரு பங்கு எனில், வெல்லம் ஒன்றரைப் பங்கு, தண்ணீர் ஐந்தாறு பங்கு, ஒரு சிட்டிகை உப்பு, சிறிது சுக்கு, ஏலக்காய். மண்பானைத் தண்ணீரில் கரைத்தால் வெயிலுக்கு இதைவிட இதமான பானம் வேறில்லை. வட நாட்டார் இதனையே சீரகமும் புதினாவும் சேர்த்துச் செய்கின்றனர். வருடப்பிறப்பன்று வெல்லமும் வேப்பம்பூவும் சேர்த்து மாங்காய்ப் பச்சடி செய்யும் நமக்கு இந்தப் பக்குவம் புதியதன்று. வருடத்துக்கு ஒரு நாள் செய்வதைப் பருவம் முழுவதும் செய்தல் வேண்டும், அவ்வளவே.

கனிந்த பழத்துக்குப் பாயசம் உண்டு. தேங்காயின் இரண்டாம் பாலில் வெல்லப்பாகைச் சேர்த்துக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே முதற்பாலையும் பழக்கூழையும் கலக்க வேண்டும். கொதிக்கும் பசும்பாலில் புளிப்புள்ள பழத்தைக் கொட்டி, பால் திரிந்துவிட்டது எனப் பழத்தின் மீது பழி சுமத்துவோர் பலர். பிழை பழத்தினுடையதன்று, வரிசையினுடையது. பசும்பாலே வேண்டுமெனில், பாலும் பழக்கூழும் தனித்தனியே ஆறிய பின் கலப்பது நலம்.

மூன்றாவது, சாற்றுத் தகடு. கோதாவரி மாவட்டங்களில் இதனை மாமிடி தாண்ட்ரா என்பர். வங்காளத்தார் ஆம்சத்தா என்பர். பழக்கூழை வடிகட்டி, வேண்டுமாயின் சிறிது சர்க்கரை சேர்த்துச் சூடாக்கி, நெய் தடவிய தட்டில் மெல்லிதாகப் பரப்பி வெயிலில் உலர்த்த வேண்டும். ஒரு பூச்சு உலர்ந்த பின் அதன் மேல் அடுத்த பூச்சு. அவசரப்பட்டுத் தடிப்பாக ஊற்றினால் மேலே காய்ந்து உள்ளே பூசணம் பிடிக்கும். பாவுக்குக் கஞ்சி போடுவோருக்கு இந்தப் பொறுமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஈயும் தூசியும் அண்டாதிருக்க மெல்லிய துணியை மேலே கட்டுதல் அவசியம். நன்றாக உலர்ந்த தகடு மாதக்கணக்கில் இருக்கும். மழைக்காலத்தில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு அதைவிடத் தின்பண்டம் வேறென்ன வேண்டும்?

நான்காவது, நீர் கலந்து பருகும் பாகுச்சாறு. கடைகளில் ஸ்குவாஷ் எனப்படுவது இதுவே. கூழ் ஒரு கிலோ, சர்க்கரை ஒன்றேகால் கிலோ, தண்ணீர் ஒரு லிட்டர், எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம் 30 கிராம். தண்ணீர், சர்க்கரை, அமிலம் மூன்றையும் கொதிக்க வைத்து, வடிகட்டி, ஆறிய பின் கூழைக் கலந்துவிட வேண்டும். பல மாதம் வைக்க வேண்டுமாயின் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்ற காப்புப்பொருளை இந்த அளவு முழுமைக்கும் 2 கிராம் வரையில், சிறிது நீரில் கரைத்துச் சேர்க்கலாம். அதற்கு மேல் கூடாது. கண்ணளவாகப் போடாமல் நிறுத்தே போட வேண்டும். இப்பொருள் ஆஸ்துமா உடையோருக்கு ஒவ்வாது. அவர்கள் இல்லத்தில் இதனைச் சேர்க்காமல் செய்து, குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் பருகிவிட வேண்டும். புட்டிகளைக் கழுவி, அரை மணி நேரம் கொதிநீரில் இட்டு எடுத்து, ஈரம் உலர்ந்த பின்னரே நிரப்புதல் வேண்டும்.

இந்த அளவுக்கு முக்கால் லிட்டர்ப் புட்டிகள் மூன்றரை நிறையும். இரு பங்கு நீர் கலந்தால், 200 மில்லி டம்ளராக 40 பேருக்குக் கொடுக்கலாம். பழம் 2 கிலோ கிலோ 5 ரூபாய் வீதம் 10 ரூபாய். சர்க்கரை கிலோ 45 ரூபாய் எனக் கொண்டால் 56 ரூபாய். பிற பொருளுக்கும் எரிபொருளுக்கும் 24 ரூபாய் எனக் கொண்டால் மொத்தம் 90 ரூபாய். ஒரு டம்ளருக்கு இரண்டேகால் ரூபாய் ஆகிறது. உழைப்புக் கூலியை இதில் இன்னும் சேர்க்கவில்லை. அதனைப் பின்னர்ப் பேசுவோம்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் கூறிவிட வேண்டும். வீட்டில் செய்தது என்பதனாலேயே அது அமுதம் ஆகிவிடாது. மேற்கண்ட ஒரு டம்ளரில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. நீரிழிவு உடையோரும், நாள் முழுவதும் தறிக்குழியில் அமர்ந்து உழைப்போரும் இதனை விருந்துக்குரிய பொருளாகக் கொள்ள வேண்டுமே ஒழிய, அன்றாடத் தண்ணீராகக் கொள்ளலாகாது. பழத்தைப் பழமாக உண்பதே முதல் வழி. மிஞ்சியதைக் காப்பது இரண்டாம் வழி. மேலும், பழுக்க வைக்கக் கார்பைடு கல்லை நாடுவது சட்டத்துக்கும் உடலுக்கும் பகை. வைக்கோலில் அடுக்கி நாலைந்து நாள் பொறுத்தால், பழம் தானே கனியும்.

நாம் இதனைச் சங்கக் கூட்டங்களில் எடுத்துரைத்தபோது மூன்று ஆட்சேபங்கள் எழுந்தன. மூன்றும் மதிக்கத்தக்கவை.

முதல் ஆட்சேபம்: “பாயசம் வைத்தால் தோப்புக் கடன் அடையுமா?” அடையாது. ஒரு வீட்டு அடுப்பு 20 கிலோ பழத்தை ஏற்கும். தோப்பிலோ டன் கணக்கில் விளைகிறது. அடுப்பு ஆலைக்கு மாற்று என்று நாம் கூறவில்லை. ஆனால், கூழ் எடுப்பது எப்படி, எந்தப் பழத்தில் எவ்வளவு கூழ் தேறும், எந்தப் பதத்தில் கெடும், எந்த விலைக்கு விற்றால் கட்டுபடியாகும் என்பவற்றைத் தன் கையால் அறிந்த அங்கத்தினர், வியாபாரியின் முன் நிற்கும் முறையே வேறாக இருக்கும். அறிவும் ஒரு முதலீடுதான்.

இரண்டாம் ஆட்சேபம் ஓர் அம்மையார் எழுப்பியது. “தோப்பு வேலையும் நாங்கள்தான், தார் சுற்றுவதும் நாங்கள்தான், இப்போது இதுவுமா?” என்று கேட்டார். கூட்டத்தில் ஆடவர் சிலர் நகைத்தனர், நாம் நகைக்கவில்லை. நெசவாளர் இல்லத்தில் தார் சுற்றும் கைக்குத் தனிக் கூலி எழுதப்படுவதில்லை என்பதை நாம் அறிவோம். மாம்பழத்திலும் அதே பிழையைச் செய்யலாகாது. வீட்டுக்காகச் செய்யும்போது வேலையை வீட்டார் அனைவரும் பகிர்தல் வேண்டும். பழம் கழுவவும், கூழ் பிழியவும், புட்டி கொதிக்க வைக்கவும் ஆடவர் கைகளாலும் இயலும். விற்பனைக்காகச் செய்யும்போது முதலில் கூலியை எழுதிவிட்டுப் பிறகே லாபத்தை எழுத வேண்டும். கூலி எழுதாத கணக்கில் தோன்றும் லாபம் லாபமன்று. அது எவரோ ஒருவருடைய உறக்கம்.

மூன்றாம் ஆட்சேபம் நிர்வாகக் குழுவினருடையது: “இயந்திரம் வாங்கினால் அல்லவா இதெல்லாம் முடியும்? மானியம் கிடைக்குமா?” இதற்கு நம் அனுபவத்திலிருந்தே விடை கூற வேண்டியிருக்கிறது. ஒரு சங்கத்தில், வாங்கிய நாளன்று மாலை சூட்டிய இயந்திரம் ஒன்று தார்ப்பாய் போர்த்தி நிற்பதைக் கண்டோம். இருப்புப் புத்தகத்தில் அதன் மதிப்பு ஆண்டுதோறும் தேய்மானம் கழித்து எழுதப்பட்டு வருகிறது. அதிலிருந்து ஒரு புட்டிச் சாறும் வெளிவரவில்லை. காரணம் எளியது. இயந்திரம் வந்தபோது அதனை ஓட்டும் அறிவும், அதற்குப் பழம் கொடுக்கும் உடன்பாடும், அதன் பண்டத்தை வாங்கும் ஆளும் வரவில்லை.

நாட்டில் வெற்றி கண்ட கூட்டுறவுகள் இதற்கு நேர்மாறான வழியில் சென்றன. குஜராத்தில் கெய்ரா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர்கள் தங்கள் சங்கத்தை அமைத்தது 1946-இல். பாலும் மாம்பழத்தைப் போன்றதே, அது காத்திராது. அவர்கள் முதலில் ஊர் ஊராகச் சங்கம் கண்டு, அளவும் தரமும் கணக்கும் பழகினார்கள். ஆனந்தில் பால்பொடி ஆலை திறக்கப்பட்டது 1955-இல். மிஞ்சிய பால் காத்திருக்கக் கற்றது அதன் பின்னரே. பம்பாயில் 1959-ஆம் ஆண்டு ஏழு பெண்மணிகள் 80 ரூபாய் கடன் பெற்று, மாடியில் அமர்ந்து அப்பளம் இடத் தொடங்கியதே பின்னாளில் லிஜ்ஜத் என்ற பெரும் நிறுவனமாயிற்று. அவர்களுக்குக் குழவியும் பலகையும் போதுமானவையாக இருந்தன. கைப்பழக்கம் முன்னரே இருந்தது. கை முந்தியது, இயந்திரம் பிந்தியது. இந்த வரிசையை மாற்றினால், பாயசத்தில் பால் திரிவது போலச் சங்கமும் திரிந்துவிடும்.

ஆகவே, நாம் முன்வைக்கும் யோசனைகள் சிறியவை, ஆனால், செய்யக்கூடியவை.

வரும் பருவத்துக்கு முன்னரே, விவசாயிகள் சங்கம் ஒவ்வொன்றும் பத்து வீடுகளைத் தேர்ந்து, சர்க்கரையும் புட்டியும் மொத்த விலையில் வாங்கிக் கொடுக்கலாம்; தராசு ஒன்றும் புட்டி கொதிக்க வைக்கும் அண்டா ஒன்றும் சங்கத்தின் பொதுப் பொருளாக இருக்கலாம். வேளாண் அறிவியல் நிலையத்தாரை அழைத்து ஒரு நாள் செய்முறைப் பயிற்சி நடத்தலாம். முதல் ஆண்டு வீட்டு உபயோகத்துக்கு மட்டும் செய்யட்டும்; கெட்டவை எத்தனை, நின்றவை எத்தனை என்று ஒவ்வொரு வீடும் எழுதி வைக்கட்டும். விற்பனை இரண்டாம் ஆண்டுக்குரியது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெறாமல் ஒரு புட்டியும் விலைக்குச் செல்லலாகாது என்பதை நிர்வாகிகள் மனத்தில் இருத்த வேண்டும்.

நெசவாளர் சங்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரே மாவட்டத்தில், ஒருபுறம் தேங்கிய மாம்பழமும் மறுபுறம் தேங்கிய துண்டும் வேட்டியும் இருக்கின்றன. மாம்பழச் சங்கத்தார் நியாயமான ஒரு விலைக்கு நெசவாளர் சங்க அங்கத்தினர்களுக்கு நேரே பழம் அனுப்பட்டும். சந்தையில் விவசாயி பெறுவதற்கும் நெசவாளர் கொடுப்பதற்கும் இடையேயுள்ள தூரத்தில் பாதியைக் குறைத்தாலும் இரு சாராருக்கும் ஆதாயமே. அவ்வாறே தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வேண்டிய துணியை விவசாயிகள் சங்கம் நெசவாளர் சங்கத்திடமே முன்கூட்டிச் சொல்லி வாங்கட்டும். இதற்கு இயந்திரம் வேண்டாம், மானியம் வேண்டாம். இரு செயலாளர்கள் ஒருவரையொருவர் அழைத்துப் பேசினால் போதும். பெங்களூரா முடிந்த பின்னும் நீலம் வருகிறது. ஆகவே பேசுவதற்குக் காலம் இல்லை என்று கூறவும் இயலாது.

மாந்தோப்பு உடைய ஊரில் விருந்தினருக்கு மாம்பழ பானம் விலைக்கு வாங்கிக் கொடுப்பது ஏழ்மையின் குறியன்று, மறதியின் குறி. ஏழ்மையை நீக்க நெடுநாள் ஆகலாம். மறதியை நீக்க ஒரு பருவம் போதும். அந்த அங்கத்தினர் இல்லத்துக்குக் கணக்குப் பார்வையிட அடுத்த கோடையிலும் செல்லவிருக்கிறோம். அந்த அம்மையார் உதிர்காய்ப் பானகத்தை ஒரு செம்பில் கொண்டுவந்து வைப்பாராயின், அதுவே அச்சங்கத்தின் அவ்வாண்டு முன்னேற்றத்துக்குச் சான்று என நம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோம். அதற்கு வேண்டிய தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவிலேயே நிறைவேற்றுமாறு அங்கத்தினர் அனைவரையும் வேண்டுகிறோம்.